ஐந்து பேர் வரப்பில், ஒருவர் உள்ளே

என் மகளுக்குக் காலரா வந்த நாளில், காலையிலிருந்து மதியம் வரை நான் அவளுக்குத் தண்ணீரே கொடுக்கவில்லை. இன்றும் அவள் சொம்பை எடுத்தால் நான் ஓடிப்போய் நிரப்பிக் கொடுப்பேன். அது தெரிந்தே அவள் அடிக்கடி சொம்பை எடுக்கிறாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வயிற்றால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் வாத்தியார்தான், ஆனால் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. வயலில் தண்ணீர் மிஞ்சினால், அது உள்ளே வரும் தலைமடையை அடைப்போம். அதையே செய்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று சொம்பைப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

“அப்பா, ஒரே ஒரு வாய்.”

“நிக்கட்டும் கண்ணு, அப்புறம் தரேன்.”

“நீ அப்பாவே இல்ல. போலீஸ் ஏட்டு.”

மதியத்துக்குள் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். கண்கள் குழிந்துவிட்டன. “என்னங்க, கிள்ளுன தோலு அப்படியே நிக்குது” என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு டிராக்டரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா டெல்டாக்காரர், மடை வாய்க்கால் தெரிந்தவர். கையில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“காலையிலேருந்து தண்ணியே குடுக்கலையா?”

“தலைமடைய அடைச்சேன் டாக்டர்.”

அவர் மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டார்.

“கிருமி குடல் செல்லுக்குள்ள போறதே இல்ல சார். நஞ்சைத்தான் அனுப்புது. அதுல அஞ்சு துண்டு வளையமா இருக்கும், இன்னொண்ணு நடுவுல. செல்லுக்கு மேல சர்க்கரை முனை வெச்ச கொழுப்பு நீட்டிக்கிட்டிருக்கும், அதுதான் ரிசப்டர். அஞ்சும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஆறாவது உள்ள எறங்கி வடிகால் மடையைத் தொறந்துவிடும். மூடவே விடாது.”

அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழக ஆட்சி வந்து குத்தகையைப் பதிவு செய்யச் சொன்ன காலத்தில், பதிவாகுமுன் குத்தகைக்காரரை வெளியேற்ற மிராசுதாரின் ஆட்கள் வரும்போதெல்லாம் எங்கள் ஊரில் இதைத்தான் செய்தோம். ஐந்து பேர் கை கோத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் உள்ளே இறங்கி உழுதுகொண்டே இருப்பார். என் அப்பாதான் எப்போதும் அந்த ஆறாவது ஆள்.

சொன்னேன். “உங்கப்பா உழ எறங்குனாரு, இது கவுக்க எறங்குது” என்றார் டாக்டரம்மா.

“அந்த அஞ்சு பேரையும் இழுத்துப் போட முடியாதா?”

“பிடிச்சது பிடிச்சதுதான். ஆனா அந்தச் செல்லு சில நாள்ல தானா உதிர்ந்து புதுசு வரும். அதுவரைக்கும் புள்ள வத்திப்போகாமப் பாத்துக்கணும். உப்பும் சர்க்கரையும் சேந்து உள்ள போற வழி ஒண்ணு இருக்கு. நஞ்சு அதைத் தொடறதில்ல. அது வழியா தண்ணியும் போகும். தலைமடையைத் தொறங்க சார்!”

உப்பு சர்க்கரைத் தண்ணீரும் கரண்டியுமாகக் கட்டிலருகே உட்கார்ந்தேன். உதட்டை நனைத்தேன், வழிந்தது. மறுபடி நனைத்தேன். எத்தனை கரண்டி என்று தெரியாது. பொழுது சாயும்போது மகள் கண் திறந்தாள். ஒரு மடக்கு விழுங்கி முகத்தைச் சுளித்தாள்.

“உப்புக் கரிக்குது, ஏட்டு.”

“திட்டுறா! திட்டுறா!” என்று நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.