எங்கள் வீட்டில் மூன்று பையன்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் கூடிவந்தால் பெண் வீட்டார் முதலில் ஜாதகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் ஆளைப் பார்ப்பார்கள், கடைசியில் விசாரிப்பார்கள். இந்த விசாரிப்பதுதான் பெரிய கண்டம். சொல்லாமல் கொள்ளாமல் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறி வந்து, டீக்கடையில், ஜங்ஷன் பக்கத்தில், செராமிக் கம்பெனி வாசலில் என்று நாலு இடத்தில் நின்று, "அந்த வூட்டுப் பையன் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பேர் சொல்லிக் கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கோ தெரியாது என்ற வார்த்தையே வாயில் வராது.

நான் கிடார் வாசிக்கிறவன். "கிடார் சரிங்க, வேலைக்கு என்ன பண்றாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன வீடுகள் சில உண்டு. அதனால் திட்டக்குடிப் பெண்ணைப் பார்க்கப் போனபோது நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அவள் மங்களூரில் ஸ்கூல் டீச்சர். கர்நாடகத்து மங்களூர் இல்லை, எங்கள் மங்களூர். காபி கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கம்பியெல்லாம் எப்ப எப்ப மாத்துவீங்க?" அதுவரை எந்த மனிதப்பிறவியும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இனி அவளுடைய அப்பா விசாரித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். விசாரித்தால் என்ன காதில் விழுமோ என்றுதான் பயம்.

என் பிழைப்பு அப்படி. முதலில் பெங்களூரில் அலறிப் பாடுகிற ஒரு மெட்டல் இசைக்குழு. முடி வளர்த்து, மண்டையோடு போட்ட சட்டை மாட்டி, தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் ஜாஸ். சூப் குடிக்கிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க வேண்டும், யாராவது கைதட்டினால் மேனேஜர் கவலைப்படுவார். அதற்கப்புறம் கரீபியன் கடலில் சுற்றுலாக் கப்பல். அங்கே அந்தத் தீவுகளின் ஆட்டப் பாட்டான கலிப்ஸோ, ரெகே. தாளம் விழுகிற இடத்தில் சும்மா இருந்துவிட்டு, விழாத இடத்தில் அடிக்க வேண்டும். வருஷத்தில் பாதி கப்பல், லீவில் ஓட்டல், நடுவில் கூப்பிட்டால் பெங்களூர்.

சிக்கல் என்னவென்றால், எனக்கு மூன்றையும் கலந்து வாசிக்கத்தான் ஆசை. கை தானாகவே கலந்துவிடும். ஓட்டலில் ஒருநாள் மெட்டல் எட்டிப் பார்த்ததில் ஒரு அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பெங்களூர் மேடையில் ரெகே வந்து என் இடுப்பு ஆடியதை அந்தக் குழு இன்றுவரை மன்னிக்கவில்லை. போன இடத்திலெல்லாம் என்னில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு, யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா ஜங்ஷன் பக்கத்தில் என்னைக் "கப்பல்ல உத்தியோகம்" என்று சொல்லி வைத்திருந்தாள். செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிற அப்பாவோ அங்கே, "பெரிய ஓட்டல்ல இருக்கான்" என்று முடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர் யாருடைய பேச்சையும் நம்பாமல் நெட்டில் கிடந்த என் பெங்களூர் மேடை வீடியோவை போனில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா இந்த மூன்று இடத்திலும் விசாரித்துவிட்டு, ஒரு பை நிலக்கடலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மூணு பசங்களையும் ஆளாக்கிட்டீங்க, சந்தோசங்க" என்று உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு டீ புரையேறியது. வந்தவர் நிறுத்தவில்லை. "கப்பல்காரருக்குத்தானே எங்க பொண்ணு? ஓட்டல்ல இருக்கறவருக்கு முடிஞ்சிடுச்சுங்களா? மூத்தவரு இருக்கறப்ப இளையவருக்குப் பண்ணா ஒரு மாதிரி பேசுவாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்: "அந்த முடி வளத்துக்கிட்டுக் கத்திக்கிட்டுத் திரியுதே, அந்தத் தம்பிய நெனச்சு மனச வுட்டுடாதீங்கம்மா. எல்லா வூட்லயும் ஒண்ணு அப்படி இருக்கத்தான் செய்யும்."

இல்லாத பிள்ளைக்காக அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பண்றதுங்கண்ணே, அவன் தலையெழுத்து" என்றாள். விட்டால் இன்னும் இரண்டு பேரைப் பெற்றுவிடுவாள் என்று பயந்து நான் குறுக்கே வந்தேன்.

"மாமா, அந்த மூணு பேரும் நான்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். "ஒரே ஆளா?" என்றார். பையிலிருந்த கடலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பையை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"சரி, வாசிங்க பாப்போம். மொதல்ல ஓட்டல்காரரு."

வாசித்தேன். தலையை லேசாக ஆட்டினார். கப்பல்காரருக்கு அவர் கால் தாளம் போட்டது. "அந்தத் தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தம்பிக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும், கரண்டு இல்லை என்றேன்.

"இல்லாததும் நல்லதுக்குத்தான்" என்று எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். "எனக்குச் சம்மதங்க. கப்பல்காரரும் ஓட்டல்காரரும் வரட்டும். அந்தத் தம்பி மட்டும் கல்யாணத்துப் பக்கம் தலகாட்ட வேணாம். எங்க சனங்க தாங்க மாட்டாங்க."

"வரமாட்டான் அண்ணே, நான் பொறுப்பு" என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். எனக்குப் பெண் கிடைத்துவிட்டாள், வேறென்ன வேண்டும்? அவர் பஸ் ஏறியதும் அவளுக்கு போன் செய்து, நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தம்பி வரமாட்டாருன்னு யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"உங்கப்பாதான்..."

"எங்கப்பாவா கட்டிக்கப் போறாரு? அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் உங்க வூட்டுக்கு ஜாதகத்தையே குடுக்கச் சொன்னேன். அவரு வரலன்னா, மத்த ரெண்டு பேரும் வர வேணாம்."