எழுந்தால் அவுட்

சான் ஹோசே கல்லூரி மைதானத்தில் பக்கத்து வீட்டு மாலா ஆன்டியும் நானும் இருக்கிறோம். அங்கிள் இல்லை. அவர் வந்தால் மகன் கார்த்திக் அவுட்டாகிவிடுகிறான் என்று நான்கு வருடமாக அவரை பிளசன்டன் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

கார்த்திக் கல்லூரி பேஸ்பாலில் பெரிய ஆள். இன்று கடைசி ஆட்டம். தொழில்முறை அணிக்கு ஆள் எடுப்பவர் பின்வரிசையில் கொட்டாவி விடுகிறார். கார்த்திக் இதுவரை ஒன்றும் அடிக்கவில்லை.

பார்க்கிங் நேரம் முடிகிறது. எழுகிறேன்.

"உக்காருங்க தம்பி! போன தடவ நீங்க எழுந்தப்பதான் அவுட்டானான்."

"ஆன்டி, காரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும்."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் இயற்பியல் பட்டதாரி, மறுபடி உட்கார்கிறேன். என்ன விஷயம் என்று பக்கத்து வெள்ளைக்காரர் கேட்க, விளக்குகிறேன். சிரிப்பார் என்று பார்த்தால் ராசிக்காகத் தன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். "நானும் இந்த சீசன் முழுக்க சாக்ஸ் துவைக்கல."

கார்த்திக் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பறக்கிறது. ஆள் எடுப்பவர் இறங்கி வந்து கார்த்திக்கின் போன் நம்பரைக் கேட்கிறார்.

வெளியே கார் இல்லை. எங்களை அழைத்துப்போக அங்கிள்தான் வருகிறார்.

"அடிச்சானா?"

"வேலிக்கு வெளிய, அங்கிள்."

காரை மீட்கும் இடத்தில் சிரித்துக்கொண்டே கார்டை நீட்டுகிறார்: நானூற்று இருபது டாலர்.