ஆர்டிஸ் திரும்பக் கேட்ட தோட்டாக்கள்

எங்கள் பக்கம் தபால் கொண்டு வந்தவர் ஆர்டிஸ் நைகார்ட். மோன்டானாவின் வடமேற்கு மூலையில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இரண்டு மைல் இருக்கிற மலைச் சாலையில் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டினார். அவர் தோட்டா செய்யக் கற்றுக்கொண்டதற்கு மணிக்கட்டுதான் காரணம். கணவர் லைலின் பெரிய ரிவால்வரில் கடைத் தோட்டா போட்டுச் சுட்டால் அவருக்குக் கை இரண்டு நாள் வலிக்கும். வெடிமருந்தைக் குறைத்துத் தானே செய்துகொள்ளலாம் என்று கொட்டகையில் போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பார் லைல்.

சக்கரம் ஆடாமலிருக்கப் பொருத்தி, பிறகு டயர் கடையில் கழற்றிப்போடும் ஈயத் துண்டுகளை வாளியில் வாங்கி வருவார். உருக்கி, மேலே மிதக்கும் அழுக்கை வழித்துவிட்டு அச்சில் ஊற்றுவார். ஆறிய குண்டுகளை வண்ணப் பொடியோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, சமையலுக்கு ஆகாத பழைய அடுப்பில் வைத்து எடுத்தால், பொடி உருகி ஒவ்வொரு குண்டின் மேலும் வழுவழுப்பான தோலாகப் படிந்திருக்கும். மெழுகு தடவிய குண்டு போட்ட காலத்தில் புகை கண்ணை மறைக்கும். துப்பாக்கிக் குழாய்க்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். பூச்சு வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டின் அடியில் புது கேப் பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, வாயில் இந்தக் குண்டை அழுத்தினால் தோட்டா தயார்.

செய்ததை விற்க மாட்டார். கரடி நடமாடும் காட்டில் வேலை செய்கிற ஐந்தாறு பேருக்குச் சும்மா கொடுப்பார். அவர்கள் மான் இறைச்சியோ காட்டுப் பழ ஜாமோ கொண்டு வந்து தருவார்கள். எனக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்.

ஒரு செப்டம்பர் ஞாயிறு, கற்குவாரியில் நானும் அவரும் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தோம். ஆர்டிஸ் சுட்டதில் மூன்று நன்றாகப் போயின. நாலாவது 'பொத்' என்றது. கையில் உதைப்பே இல்லை. ஆர்டிஸ் ரிவால்வரை மெதுவாகக் கீழே வைத்தார். அதிலிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பார்த்தார். குண்டு பாதி வழியில் சிக்கியிருந்தது. கூட்டுக்குள் மருந்தே இருந்திருக்கவில்லை; அடியிலுள்ள கேப் மட்டும் வெடித்துக் குண்டை அதுவரை தள்ளியிருக்கிறது. கவனிக்காமல் ஐந்தாவதையும் சுட்டிருந்தால் குழாய் கையிலேயே பிளந்திருக்கும்.

"இதைச் செஞ்ச அன்னைக்கே செஞ்சதுல ஐம்பது வெஸ்கிட்ட இருக்கு" என்றார்.

வெஸ் டாக்கெட் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றி, மலைப்பாதை செப்பனிடுகிறவர்களுக்குக் கொண்டுபோகிறவர். வெள்ளிக்கிழமை மலையேறியிருந்தார். பத்து நாள் கழித்துத்தான் இறங்குவார். அங்கே போன் எடுக்காது.

என்ன நடந்தது என்று ஆர்டிஸுக்கு வீடு போவதற்குள் புரிந்துவிட்டது. கூடுகளில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது லைலின் தங்கை போனில் கூப்பிட்டிருக்கிறாள். பேசிவிட்டு வந்து, விட்ட இடம் இதுதான் என்று நினைத்துத் தொடர்ந்திருக்கிறார். குண்டை வைத்து அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பவர், அன்றைக்குப் பார்க்கவில்லை.

"ஒண்ணு தப்பாப் போச்சு. மத்ததெல்லாம் சரியா இருக்கும்" என்றார் லைல். "உன் முட்டியை வெச்சிக்கிட்டு ஒம்பது மைல் ஏறப் போறியா?"

"சரியா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க மிச்சம் இருக்கறத எடை போட்டுப் பாரேன்."

"ஊத்தின குண்டோட எடையே ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும்; அதுல இத்துனூண்டு மருந்து இருக்கா இல்லையான்னு தெரியாது. எடையை நம்பி ஒருத்தன் கையைப் பணயம் வைக்கச் சொல்றியா?"

லைல் சாண்ட்விச் கட்டிக்கொடுத்தார். கடைத் தோட்டா ஒரு பெட்டியை அவரே பையில் வைத்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆர்டிஸ் ஏறினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். மேலே வெஸ்ஸின் முகாமை அடைந்தபோது மூன்று மணி. வெஸ் அடுப்பில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆர்டிஸ், தபாலை இவ்வளவு தூரம் நடந்தே கொண்டாந்துட்டீங்களா? யார் செத்தாங்க?"

"யாரும் சாகல. நான் குடுத்த தோட்டாவைத் திருப்பிக் குடு, வெஸ். அதுல மருந்தில்லாதது இருக்கலாம். தப்பு என்னோடது."

வெஸ் கரண்டியைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து ஆறையும் உள்ளங்கையில் கொட்டினார்.

"நேத்து ஜூனிபர் பாறையில சறுக்கிக் காலை ஒடிச்சிக்கிச்சு" என்றார். ஜூனிபர் அவருடைய மூத்த கழுதை. பதினெட்டு வருடமாகக் கூட இருந்தது. "அது துடிக்கறதப் பாக்க முடியாம இதுல ஒண்ணாலதான் சுட்டேன். ஒரே குண்டு. அது ஒழுங்கா வெடிச்சுது."

ஆர்டிஸ் அங்கிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் கோவமா இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் வெஸ். "மொதல்ல சாப்பிடுங்க. நடந்து வந்திருக்கீங்க."

கடைத் தோட்டாவை வெஸ்ஸிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்ததும், மிச்சமிருந்த நாற்பத்தொன்பதையும் ஆர்டிஸ், குண்டு கழற்றுவதற்கென்றே உள்ள சுத்தியலுக்குள் வைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தார். முப்பத்தொன்றாவது கூட்டைக் கவிழ்த்தபோது எதுவும் விழவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வாரமே தபால் கொடுத்தபடி தோட்டா வாங்கிய மற்றவர்கள் கதவையும் தட்டினார். அவர்களுடையது வேறு நாள் செய்தது. ஆனாலும் கூட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னார். சிலர் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார்கள். பண்ணைக்காரி மேவிஸ் ராத்பன் மட்டும், "இனிமே எனக்கு வேண்டாம், ஆர்டிஸ்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்றார் ஆர்டிஸ்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. ஈயம் உருக்கும் பாத்திரத்தை விற்றுவிடப்போவதாக இரண்டு முறை சொன்னார். லைல் காதில் வாங்கவில்லை.

ஏப்ரலில் வெஸ் வந்தார். கையில் ஒரு காபி டப்பா நிறையக் காலிக் கூடுகள்.

"கடைத் தோட்டா கழுதை மாதிரி உதைக்குது. கழுதை உதைக்கறதே எனக்குப் போதும்."

"நான் செய்யறதில்ல, வெஸ்."

"நீங்க செய்யுங்க. டார்ச்சு நான் அடிக்கறேன்."

ஆர்டிஸ் சாவியைத் தேடி எடுத்துவர வெகுநேரமானது. போனை லைலிடம் கொடுத்துவிட்டு இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். மருந்து போட்ட கூடுகளை வெஸ் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, "இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் ஆர்டிஸ் அழுத்தும் கருவியின் கைப்பிடியை இழுத்துக் குண்டை இறக்குவார். பிற்பகல் முழுவதும் வாசல் வரை கேட்டது அந்த ஒரே வார்த்தைதான்.