கைத்தடியில் ஒரு தாடிக்காரன்

எண்பதுகளில் மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்த புதிதில், வில்லரே என்ற பகுதியில் அலங்காரக் கைத்தடிகள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். கனடாவின் காடுகளுக்குள் முதலில் புகுந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் தலைகளைத் தடியின் பிடியில் செதுக்கியிருப்பார்கள். தாடி, மயிர்த்தொப்பி, முறைக்கிற கண்கள். அதற்கு வார்னிஷ் பூசுவது எங்கள் வேலை.

என்னோடு வேலை செய்த, ஊரில் தகப்பனின் வயலைச் சிங்களக் குடியேற்றத்துக்குப் பறிகொடுத்த திருகோணமலை நண்பனின் கால் ஒருநாள் கீழே கிடந்த தடியொன்றில் பட்டுவிட்டது. அவன் உடனே குனிந்து அந்தத் தாடிக்காரனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விசரே உனக்கு? இவங்கள் இஞ்சத்தைப் பூர்வீகச் சனத்தின்ரை காணியைப் பிடிச்சவங்கள். உன்ரை கொப்பற்றை வயலைப் பிடிச்சவங்களையும் இப்பிடித்தான் கும்பிடுவியோ?”

“கும்பிடேல்லை மச்சான். முகத்திலை கால் பட்டிட்டுது, அதுக்குத்தான்,” என்றான். தடியைத் துடைத்து மேசையில் வைத்தபடி சொன்னான்: “காணியெண்டு பார்த்தால், இப்ப நாங்கள் நிக்கிறதும் அந்தச் சனத்தின்ரை காணியிலைதானே.”

அதன்பிறகு அன்று முழுக்க, காலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.