இதைவிடப் பெரிய பிரேக்கர் இருக்கா?

மின்சாமான் கடையில் நிற்பவருக்கு வாடிக்கையாளர் ஆயிரம் பேர் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “இது அடிக்கடி ட்ரிப் ஆகுது, இதைவிடப் பெருசு இருக்கா?”

தம்போயில் ஒரு கடைக் கவுண்டரில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். எந்தக் கடையிலாவது நின்று கால் வீங்கியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும். மற்றவர்கள் எங்களை வாயாடி என்பார்கள்.

சின்ன நம்பர்

தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர் இருபது ஆம்பியர் பிரேக்கரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். ஏர்கோன் (ஏசி) போட்டாலே ட்ரிப் ஆகிறதாம், முப்பத்திரண்டு வேண்டுமாம். பக்கத்து வீட்டில் அதுதான் இருக்கிறதாம்.

“சுவத்துக்குள்ள என்ன ஒயர் ஓடுது அண்ணே?” என்றேன். இது நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பிரேக்கர் காவல் காப்பது ஏர்கோனை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை; அதில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே வெட்டிவிடும், அதுதான் ட்ரிப். ஒயர் தாங்குவதைவிடப் பெரியதைப் போட்டால் ஒயர் சூடேறி உருகும், பிரேக்கர் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் வாட்டர் ஹீட்டருக்குத் தடித்த ஒயர் தனியாக ஓடுகிறது, அதனால் அங்கே முப்பத்திரண்டு. இதையெல்லாம் தொண்டை வற்றச் சொல்லி முடித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் வந்து பாத்தா நம்ம வீட்டுல சின்ன நம்பர் இருக்குமே லா.”

மழை பெய்தால்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை பிரேக்கர் வாங்கிப் போனார். மூன்றாவது முறைதான் எனக்குப் புத்தி வந்து, எப்போது ட்ரிப் ஆகிறது என்று கேட்டேன். மழை பெய்தால் என்றார். மழைக்கும் பிரேக்கருக்கும் என்ன பகை இருக்கிறது? எங்கள் கடைக்கு வேலை செய்யும் ஒயர்மேன் பிரான்சிஸ் அண்ணனை அனுப்பி வைத்தேன். கேட் விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, ஒரு பல்லியும் செத்துக் கிடந்தது. பிரேக்கர்கள் மூன்றும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கின்றன.

அடுத்த நாள் அங்கிள் கடைக்கு வந்து சங்கடத்தோடு நின்றார்.

“பாவம் மா அந்த பிரேக்கருங்க. நான் வேற மூணையும் கண்டபடி திட்டிட்டேன்.”

நான் கேட்காதது

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லாக்கா வந்தார். முகம் தெரியும், வீடு தெரியாது. அவர் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். பிரேக்கர் ட்ரிப் ஆகும்போதெல்லாம் மெஷின் நின்றுவிடுகிறது. அக்கா வீட்டில் இருந்தால் ஓடிப்போய்ச் சிலிண்டருக்கு மாற்றிவிடுவார். அன்று காலை அவர் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ட்ரிப் ஆகியிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது கணவரின் உதடு நீலம் பாய்ந்திருந்ததாம்.

தம்பி கழற்றிக் கொடுத்த பழைய பிரேக்கரைக் கவுண்டரில் வைத்துவிட்டு அழப் பார்த்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை. பெரியது கேட்டார், முப்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தேன். ஊரையெல்லாம் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. அழப்போகும் மனுஷியிடம் ஒயரைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இனிமே நான் பயமில்லாம கடைக்குப் போலாம். நல்லா இருப்ப மா.”

கறுத்த பக்கம்

அரை மணி நேரம் கழித்து, அவர் விட்டுப்போன பழைய பிரேக்கரைக் குப்பையில் போட எடுத்தேன். இருபது ஆம்பியர். ஒயர் மாட்டும் பக்கம் பழுப்பேறிக் கறுத்திருந்தது. அந்த ஒயர் ஏற்கெனவே சூட்டில் வெந்துகொண்டிருந்திருக்கிறது, அதை அத்தனை நாளும் காப்பாற்றியது இந்த ட்ரிப்தான். இப்போது முப்பத்திரண்டைப் போட்டால் அந்த ட்ரிப்பும் நின்றுவிடும். ஒயர் தீப்பிடித்தால், பக்கத்தில் ஆக்சிஜன், எழுந்து ஓட முடியாத மனிதர்.

சாமான் எடுக்க வந்த பிரான்சிஸ் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வீடு தெரிந்திருந்தது, இருவரும் ஒரே சர்ச். முதலாளியைக் கவுண்டரில் நிற்க வைத்துவிட்டு நானும் கிளம்பினேன். வேன் கதவைத் திறந்தபடி அண்ணன் கேட்டார்.

“மூச்சு விடாம ஊரையெல்லாம் கேள்வி கேப்ப. கேக்க வேண்டிய வீட்டுல மட்டும் ஏன் மா கேக்கல?”

தனி லைன்

நாங்கள் போனபோது அக்காவின் தம்பி ஸ்க்ரூட்ரைவரோடு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். பழைய பிரேக்கர் இருந்த இடம் இன்னும் காலி. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிரான்சிஸ் அண்ணன் அவரை இறக்கிவிட்டுப் பார்த்தார். கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன், ஏர்கோன், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் ஒரே லைனில். அதுவும் மெலிந்த பழைய ஒயர். இதற்குப் பெரிய பிரேக்கர் வைத்தியம் இல்லை, மெஷினுக்குத் தனி லைன் வேண்டும் என்றார். நான் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது.

அண்ணன் கருகிய ஒயரை மாற்றி அந்த லைனுக்குப் பழையபடி இருபதையே போட்டார். மெஷினுக்கு மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து புது ஒயர் இழுத்தார். அதன் பிரேக்கர் வெறும் பதினாறு. மூக்கில் குழாயோடு சிலிண்டரில் மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவின் கணவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குன்னு ஒரு லைனா? நான் பொறந்த செடெனாக் எஸ்டேட்டுல எங்க வீடு முழுக்க ஒரே பல்புதான் லா.”

திரும்பி வந்தது

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாக்கா கடைக்கு வந்தார், கையில் பாசார் கூடை. கீரைக்கு அடியிலிருந்து முப்பத்திரண்டை எடுத்து, பெட்டியோடு கவுண்டரில் வைத்தார். மறுபடி ட்ரிப் ஆனதா என்று கேட்டேன். இப்போதெல்லாம் நான் கேட்காமல் விடுவதில்லை.

“நேத்து கெட்டிலும் அயர்னும் ஒண்ணா போட்டேன், ட்ரிப் ஆயிடுச்சு. அவர் மெஷின் பாட்டுக்கு ஓடுது, அவர் பாட்டுக்குத் தூங்குறாரு. ஆகட்டும் மா, நான் தேத்தண்ணி அப்புறமா குடிச்சுக்கிறேன்.”

அந்த முப்பத்திரண்டு இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. பெரியது கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.