ஒரு சிட்டிகை காரீயம்

போன வாரம் என் அக்கா பெண் வசந்தாவுக்குக் கல்யாணம். நன்றாக நடந்தது. அதாவது, கடைசியில் நடந்தது. நடுவில் கொஞ்ச நேரம், நடக்குமா நின்றுவிடுமா என்பது ஒரு பென்சில் குச்சியின் கையில் இருந்தது.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முதலில் என் அத்திம்பேரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூர்க்காரர். தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி — சொல் வியாதி. அமங்கலமாக ஒரு வார்த்தை யார் வாயிலும் வந்துவிடக் கூடாது. அவர் வீட்டில் அரிசி தீராது, 'நிறைஞ்சிருக்கும்'. விளக்கை அணைக்க மாட்டார்கள், 'மலையேற்றுவார்கள்'. ஒரு தடவை நான், "போறேன் அத்திம்பேர்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். கூப்பிட்டு, உட்கார வைத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். அதற்குள் பஸ் போய்விட்டது. அதையும் 'வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டுமோ என்னவோ!

கல்யாணம் லஸ் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். திருமாங்கல்யமும் வைரத் தோடும் மாட வீதிக்குப் பின்னால் அத்திம்பேர் வீட்டு இரும்பு பீரோவில். "மண்டபத்துல யார் காவல் காக்கறது? கார்த்தால வந்து எடுத்துண்டாப் போச்சு" என்று அவர்தான் வைத்துப் பூட்டினார்.

கார்த்தால வந்தால் பீரோ திறக்கவில்லை.

ஏன் திறக்கும்? ஆயுத பூஜைக்கு பீரோவுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. நாமெல்லாம் கதவின் நெற்றியில் வைப்போம். அத்திம்பேர் சாவித் துவாரத்திலேயே வைப்பார் — லட்சுமி வருகிற வாசல் அதுதானாம்! வருஷா வருஷம் சேர்ந்தது போதாதென்று, கல்யாணத்துக்காக முதல் நாள் சாயங்காலம் ஸ்பெஷலாக இன்னொரு அப்பு அப்பியிருக்கிறார். அது காய்ந்து சிமென்ட் ஆகிவிட்டது.

அக்கா நல்லெண்ணெய் விட்டாள். அத்திம்பேர் விளக்கெண்ணெய் விட்டார். பெண்ணுக்கு மாமா என்ற முறையில் நானும் என் பங்குக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். சாவி முனைகூட உள்ளே போக மறுத்தது.

கச்சேரி ரோடுக்கு ஓடிப்போய்ப் பூட்டு ரிப்பேர் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் மோந்து பார்த்தார்.

"இன்னா சார் இது... பூட்டுக்குள்ள பொங்கல் வச்சிக்கினு கீறீங்க?"

கம்பியை விட்டு நோண்டினார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். சாவி உள்ளே போயிற்று. ஆனால் திரும்பவில்லை.

"உள்ள போவுது, சுத்த மாட்டேங்குது. ஒடைச்சிரலாம் சார்."

"கல்யாணத்தன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்லலாமாய்யா?" என்று அத்திம்பேர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சரி நைனா, ஒடைக்கல. தொறந்து வுட்டுர்றேன்... கடப்பாரையால. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

மத்தியானமா? முகூர்த்தம் ஒன்பதரைக்குள். மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. அங்கே வசந்தா மூளிக் காதோடு உட்கார்ந்திருக்கிறாள். (இந்தச் சொல் அத்திம்பேர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.)

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பேராசிரியர் மதிவாணன் உள்ளே வந்தார். கல்லூரியில் ரசாயனம் நடத்துகிறவர். காலேஜ் பாடமெல்லாம் தமிழிலேயே நடத்தலாம் என்று வந்துவிட்டது அல்லவா? அதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடத் தன் வாயில் வராது என்று சபதம். காபியைக்கூட வேறு ஏதோ பெயர் சொல்லித்தான் குடிக்கிறார். ஆக, ஒரே காம்பவுண்டு சுவரின் இந்தப் பக்கம் ஒரு சொல் பைத்தியம், அந்தப் பக்கம் இன்னொன்று. இத்தனை வருஷம் சண்டை வராததே ஆச்சரியம்.

பேராசிரியர் பூட்டைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணங்களைப் பார்த்தார்.

"எண்ணெய் விட்டது பெரும் பிழை. அது தூசியைத்தான் சேர்க்கும். இனி ஒரே வழி காரீயம்தான்."

அத்திம்பேர் முகம் வெளுத்துவிட்டது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். புத்தகத்தில் படித்தால் 'காரீயம்' வேறு, 'காரியம்' வேறு. பதற்றத்தில் இருக்கிறவன் காதில் அந்த 'ரீ' நீளுமா? எங்கள் வீடுகளில் காரியம் என்று மொட்டையாகச் சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான். பத்தாம் நாள், பதிமூன்றாம் நாள் நடப்பது.

"என்ன சொன்னீர்?"

"காரீயம். நான் என் வீட்டில் மாதந்தோறும் செய்கிறேனே!"

"மாசாமாசமா? யாருக்கு?"

"முன்கதவுக்கு."

அக்கா, "ஈஸ்வரா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் எதையும் கவனிக்கவில்லை. வகுப்புக் குரலில் உரக்கத் தொடர்ந்தார். "காரீயத்தை உடனே முடித்தாக வேண்டும். தாமதித்தால் முகூர்த்தம் தவறிவிடும்!"

வாசலில் டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எங்களைக் கிளப்புவதற்காக மண்டபத்திலிருந்து நேரே வந்திருந்தார் சம்பந்தி மாமா, மாப்பிள்ளையின் அப்பா. கடைசி வாக்கியத்தை முழுசாகக் கேட்டுவிட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு?" என்றார். "உங்கப்பாவா? மறைக்காதீங்கோ. தீட்டோட தாலி கட்டினா எங்காத்துக்கு ஆகாது. இப்பவே நிறுத்திடலாம்."

"ஐயோ, எங்கப்பா மண்டபத்துல ரெண்டாவது காபி சாப்பிட்டுண்டிருக்கார்!" என்று அத்திம்பேர் அலறினார்.

"அப்போ யாருக்குக் காரியம்?"

"பீரோவுக்குத்தான் சார்" என்றார் ஏழுமலை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "எண்ணெய ஊத்தி ஊத்தியே ஆள காலி பண்ட்டாங்க."

இதையெல்லாம் இப்போது விளையாட்டாகச் சொல்கிறேன். அப்போது அது விளையாட்டாக இல்லை. வசந்தாவுக்கு எத்தனையோ வரன் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த இடம் இது. அக்காவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நெட்டெழுத்துக்காகக் கல்யாணம் நின்றது என்று ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

பேராசிரியரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஓய்! தமிழ் நன்னா இருக்கட்டும். அந்தச் சனியனை ஒரே ஒரு தடவை இங்கிலீஷ்ல சொல்லித் தொலையும்!"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பென்சில்" என்றார், யாருக்கும் கேட்கக் கூடாத குரலில். "பென்சில் லெட். கிராஃபைட்."

சபதம் எடுத்த மனிதர், ஒரே மூச்சில் மூன்று! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பென்சிலுக்கா பஞ்சம்? இந்தப் பத்தியை எழுதுகிற பென்சிலே என் ஜிப்பாப் பையில் இருந்தது. பிளேடால் சுரண்டினேன். கறுப்புப் பொடி உதிர்ந்தது. ஏழுமலை காகிதத்தைக் குழலாகச் சுருட்டித் துவாரத்துக்குள் ஊதினார். சாவியிலும் தடவினார்.

"கறுப்பாச்சேடா..." என்று அத்திம்பேர் முனகினார்.

"பேசாம இருங்கோ!" என்றாள் அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

ஏழுமலை சாவியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒரு 'களுக்'. பீரோ திறந்துகொண்டது. அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். சம்பந்தி மாமா சட்டென்று எழுந்து, "நல்ல காரியம்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். திருமாங்கல்யத்தையும் தோட்டையும் நான் அவசரமாக எடுத்துக்கொண்டேன். எல்லாருமாக டாக்ஸியில் அடைந்துகொண்டோம்.

வழியில் பேராசிரியர் விட்ட வகுப்பைப் பிடித்துக்கொண்டார். காரீயம் தகடு தகடாக இருக்குமாம். பந்திக்கு அடுக்கின வாழையிலை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வழுக்குமாம். எண்ணெய் மாதிரி பிசுக்குப் பிடிக்காது. எத்தனை சூட்டுக்கும் அசையாது. மின்சாரம்கூட அதன் வழியே போகுமாம். டார்ச் பாட்டரியை உடைத்தால் நடுவில் ஒரு கறுப்புக் குச்சி, அதைச் சுற்றிக் கறுப்பாக மாவு வருமே? குச்சி காரீயத்துக்கு நெருங்கின உறவு. மாவு மாங்கனீசு, பூமியில் கறுப்பாகவே வெட்டி எடுக்கிற இன்னொரு சரக்கு.

எனக்கு அத்திம்பேர் மேல் கோபமாக வந்தது. அப்படி என்ன செய்துவிட்டது இந்தக் கறுப்பு? தாலிக்குப் பொன் வாங்கினபோது அது அசலா என்று சொன்னது யார்? ஆசாரியின் கறுப்பு உரைகல். இன்னும் சற்று நேரத்தில் வசந்தா காலைத் தூக்கி வைக்கப் போகிற அம்மி என்ன வெள்ளைவெளேரென்றா இருக்கிறது? பளபளக்கிறதை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அதைத் திறக்க ஒரு கறுப்புப் பொடி வேண்டியிருக்கிறது. அதற்கு நல்ல பெயர் மட்டும் கிடையாது.

மண்டபத்தில் நாதஸ்வரம். கூறைப்புடவையில் வசந்தா. அக்கா ஓடிப்போய்த் தோட்டைப் போட்டுவிட்டாள். சம்பந்தி மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"என்ன இது... வைரத்துல கரும்புள்ளி இருக்கே? புள்ளி விழுந்த வைரம் ஆகாதேடி அம்மா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விரலைப் பார்த்தேன். பத்தும் கறுப்பு.

அக்கா புரிந்துகொண்டாள். பட்டுப்புடவைத் தலைப்பால் ஒரே துடைப்பு. புள்ளியைக் காணோம். வைரம் ஜொலித்தது.

அத்தோடு போயிற்றா? பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அந்தப் புள்ளிக்கு அஞ்சத் தேவையில்லை. அதுவும் இதுவும் ஒரே பொருள்தான். உண்மையில் வைரம் என்பதே வெறும் கரி—"

தட்டிலிருந்த லட்டு ஒன்றை எடுத்து அவர் வாயில் அடைத்தேன்.

உண்மையை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம் ஐயா... தாலி ஏறின பிறகு சொல்லுங்கள்!