பாங்கு சொல்லிட்டாவளா?

சங்கரன்கோவிலில் என் கணவர் தையல் கடை வைத்திருந்தார். ரமலான் வந்தால் பெருநாள் துணி குவிந்துவிடும். போன வருடம் அசதியில், விடியுமுன் சஹருக்குச் சாப்பிடாமல், கடுங்காப்பியோடு சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு நோன்பு வைத்தார். மாலையில் வடையும் சமோசாவுமாகத் தின்று ஈடுகட்டினார். "மாத்திரை போட்டா வயித்துக்கு ஏதாவது வேணும்லா?" என்றால் காதில் ஏறாது.

ஒருநாள் மாலை கடையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. பக்கத்துப் பழக்கடை அண்ணாச்சி சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாராம். "நோன்பு தொறக்குற பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் கெடக்கு அண்ணாச்சி" என்று இவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பாங்கு கேட்கும் முன்பே விழுந்துவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கி மூளையைப் பாதித்துவிட்டது, இனி தேறுவது கஷ்டம் என்றார் டாக்டர். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று ஊரே இப்போது வந்து சொல்கிறது.

இந்த வருடம் சஹருக்கு முட்டையும் பயறும் சாப்பிட்டுத்தான் நோன்பு வைக்கிறேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதே இல்லை. நண்பகலில் அவருக்குக் காய்கறி போட்ட கஞ்சியை ஊட்டப் போனால், அன்றைப் போலவே வாயை மூடிக்கொள்கிறார்.

"ஏட்டி, பாங்கு சொல்லிட்டாவளா?"

"சொல்லிட்டாவ."

தினமும் நோன்பு வாயோடு பொய் சொல்கிறேன். அப்போதுதான் அவர் வாய் திறக்கிறது.